கிரீன் டீ ஏன் கசக்கிறது? எந்த டீக்கு எவ்வளவு சூடு: முழு வழிகாட்டி

புதுச்சேரி கடற்கரையில் நடந்துவிட்டு வந்து கிரீன் டீ குடிக்கிறவர்களில் பாதிப் பேர் அதைக் கஷாயம் குடிப்பது போலத்தான் குடிக்கிறார்கள். கசப்பை மறைக்கத் தேன், துவர்ப்பை மறைக்க எலுமிச்சை, அதற்கும் மேல் “உடம்புக்கு நல்லதாச்சே” என்று ஒரு சமாதானம். இலை மேல் தப்பே இல்லை. தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றி, பையை எடுக்காமல் கடைசி வாய் வரைக்கும் ஊறவிட்டால் எந்த நல்ல கிரீன் டீயும் கசக்கத்தான் செய்யும்.

இதற்கு நேர் எதிரான கூத்து அலுவலகங்களில் நடக்கிறது. கேன் தண்ணீர் மெஷினின் சிவப்புக் குழாயைத் திறந்து, அதில் வருகிற சுமாரான சுடுதண்ணீரில் சாதா டீ பையை முக்குவார்கள். நிறம் இறங்கும், டீ இறங்காது. அந்தக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் 85லிருந்து 95 டிகிரிக்குள் இருக்கும். கப்பில் விழுந்ததும் இன்னும் இறங்கிவிடும். அதாவது கிரீன் டீக்குக் கொஞ்சம் அதிகம், சாதா டீக்குப் பற்றாது.

இந்த இரண்டு தப்பையும் சரிசெய்துவிட்டாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. பச்சை இலைக்குச் சூட்டைக் குறைக்க வேண்டும். கறுத்த இலைக்குச் சூட்டை விட்டுவிடக் கூடாது.

சூடு இலைக்குள் என்ன செய்கிறது?

டீயில் நாக்குக்குத் தெரிகிற சரக்கு முக்கியமாக மூன்று. முதலாவது தியனைன் என்ற அமினோ அமிலம். ஜப்பானிய கிரீன் டீயில் தெரியுமே, லேசான இனிப்பும் சூப் குடித்தது போன்ற நிறைவும், அது இதிலிருந்து வருவது. இரண்டாவது, துவர்க்கவைக்கிற கேட்டசின்கள். மூன்றாவது, கசக்கிற காஃபின். தியனைன் வெதுவெதுப்பான தண்ணீரிலேயே சுலபமாகக் கரைந்து வந்துவிடும். கேட்டசினும் காஃபினும் சூடு ஏற ஏற வேகமாக இறங்கும். அதனால் 75 டிகிரியில் போட்ட கிரீன் டீயில் இனிப்பு முன்னால் நிற்கிறது. 100 டிகிரியில் போட்டதில் கசப்பும் துவர்ப்பும் சேர்ந்து அதை அமுக்கிவிடுகின்றன.

பிளாக் டீ கதை வேறு. இலையைக் கசக்கிக் காற்றுப்பட வைக்கும்போது கேட்டசின்களில் பெரும்பங்கு தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற வேறு பொருட்களாக மாறிவிடுகிறது. செம்பொன் நிறம், நாக்கில் சுறுக்கென்று படுகிற அந்தச் சுறுசுறுப்பு, திடம் எல்லாம் இவற்றின் வேலை. இவற்றை முழுசாக வெளியே இழுக்க நல்ல கொதி வேண்டும். கிரீன் டீயில் இந்த மாற்றம் நடக்காமல் ஆரம்பத்திலேயே ஆவியிலோ வாணலியிலோ சூடாக்கி நிறுத்திவிடுகிறார்கள். ஊலாங் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே கடையில் புதுசாக ஒரு டீயைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இலை எவ்வளவு தூரம் கறுத்திருக்கிறது?

நம்ம ஊரில் கொதி என்றால் முழு 100

புதுச்சேரியும் கடலூரும் கடல் மட்டத்தில் இருக்கின்றன. இங்கே தண்ணீர் கொதித்தால் அது 100 டிகிரி, ஒரு டிகிரி தள்ளுபடி கிடையாது. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். ஊட்டி 2,240 மீட்டரில் இருப்பதால் அங்கே தளதளவென்று கொதிக்கிற தண்ணீரே 92, 93 டிகிரிதான். ஊட்டிக்கு டூர் போன இடத்தில் குடித்து, பிடித்துப்போய் வாங்கிவந்த கிரீன் டீ வீட்டில் அதைவிடக் கசந்தால், கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று சந்தேகப்பட வேண்டாம். ஏழெட்டு டிகிரி கூடுதல் சூடும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடலோரத்தில் இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. சமையலுக்கான குச்சி தெர்மாமீட்டர் வாங்கினால் அது சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். கொதிக்கிற தண்ணீரில் பாத்திரத்தின் அடியைத் தொடாமல் முக்குங்கள். 100 காட்ட வேண்டும். நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரில் முக்குங்கள். 0 காட்ட வேண்டும். ஒரு டிகிரி அப்படி இப்படி இருந்தால் பரவாயில்லை. டீக்கு அவ்வளவு துல்லியம் தேவையும் இல்லை.

முதல் படி: தண்ணீர்

சூட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தண்ணீரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல தண்ணீர் வந்ததைக் கொண்டாட மண்டபம் கட்டி வைத்திருக்கிற ஊர் இது. பாரதி பூங்காவுக்குள் நிற்கிற ஆயி மண்டபம் அதன் நினைவுதான். ஆனால் இன்று கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீரை வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிறது. அந்தத் தண்ணீரில் எந்த டிகிரியில் போட்டாலும் டீ சரியாக வராது.

கடினத் தண்ணீர் என்றால் டீயின் மேல் மெல்லிய ஏடு ஒன்று படியும், கப்பின் ஓரத்தில் பழுப்புக் கோடாக ஒட்டிக்கொள்ளும். பலரும் அதை டீத்தூளில் கலப்படம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. தண்ணீரில் இருக்கிற கால்சியமும் டீயில் இருக்கிற பாலிஃபீனால்களும் சேர்ந்து உண்டாக்குகிற படலம் அது. கிரீன் டீ, டார்ஜிலிங் போன்ற மென்மையான வகைகள் இந்தத் தண்ணீரில் மந்தமாகிவிடும். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ போதும். ஆர்.ஓ. மெஷினில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு) மிகவும் குறைத்து வைத்திருந்தால் டீ சப்பென்று இருக்கும். அப்போது கொஞ்சம் ஏற்றி வைக்கச் சொல்லலாம்.

இன்னொன்று. கிரீன் டீக்கு 75 டிகிரி போதும் என்பதற்காகக் குழாய்த் தண்ணீரை 75 வரைக்கும் மட்டும் சூடாக்கி ஊற்றாதீர்கள். சுத்திகரிக்காத தண்ணீர் என்றால் ஒரு தடவை நன்றாகக் கொதிக்கவைத்து, பிறகு ஆறவிடுவதுதான் முறை.

இரண்டாம் படி: சூட்டைப் பிடிப்பது

டிகிரி தேர்ந்தெடுக்கிற வசதியுள்ள கெட்டில் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். இல்லாதவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது.

எனக்குப் பிடித்தது கலக்கிற வழி. கணக்குப் போட்டால் எப்போதும் ஒரே மாதிரி வரும். நம்ம ஊரில் வருஷத்தின் பெரும்பகுதி குடிதண்ணீர் 30 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. மூன்று பங்கு கொதிநீர், ஒரு பங்கு சாதா குடிதண்ணீர் என்றால் 300 கூட்டல் 30, அதை நான்கால் வகுத்தால் 82 டிகிரிக்குச் சற்று மேல். கப் இழுத்துக்கொள்கிற சூட்டையும் கழித்தால் 80 என்று வைத்துக்கொள்ளலாம். நான்குக்கு ஒன்று என்றால் 85 பக்கம், இரண்டுக்கு ஒன்று என்றால் 75, சரிபாதி என்றால் 65க்குக் கொஞ்சம் கீழே. முதலில் சாதாத் தண்ணீரைக் கப்பில் ஊற்றி, அதன் மேல் கொதிநீரை ஊற்றி, இலையைக் கடைசியில் போட வேண்டும். இலை மேல் கொதிநீரை ஊற்றிவிட்டு அப்புறம் ஆறவைத்தால் கெட்டது கெட்டதுதான். மேல்நிலைத் தொட்டியில் மே மாத வெயிலில் காய்ந்த தண்ணீரை எடுத்தால் கணக்கு தப்பும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, ஆற்றுகிற வழி. கிரீன் டீக்குத் தண்ணீரை ஆறவைக்க ஜப்பானியர்கள் யுசமாஷி என்று ஒரு தனிக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள். நமக்கு டபராவும் டம்ளரும் இருக்கின்றன. கொதிநீரை டம்ளரிலிருந்து டபராவுக்கு ஒரு தடவை மாற்றினால் ஐந்து முதல் பத்து டிகிரி இறங்கும். எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றுகிறீர்கள், எவ்வளவு தண்ணீர், ஃபேன் ஓடுகிறதா என்பதைப் பொறுத்து இது மாறும். தெர்மாமீட்டர் வைத்து ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டால், உங்கள் கைக்கு மூன்று ஆற்றலா நான்கு ஆற்றலா என்பது பிடிபட்டுவிடும். பிறகு தெர்மாமீட்டரைத் தேட வேண்டியதில்லை.

மூன்றாவது, குமிழி பார்க்கிற பழைய சீன வழி. அடுப்பைச் சின்னதாக வைத்து, பாத்திரத்தை மூடாமல் பார்க்க வேண்டும். அடியில் பொடிப்பொடியாகக் குமிழி ஒட்டிக்கொண்டால் அதற்கு இறால் கண் என்று பெயர், 70லிருந்து 75. குமிழி கொஞ்சம் பெருத்து, ஒன்றிரண்டு கிளம்பி, ஆவி இழை இழையாக எழும்பினால் நண்டுக் கண், 80 பக்கம். அதற்கு அடுத்தது மீன் கண், 85ஐத் தாண்டிய நிலை. குமிழிகள் முத்துச்சரம் போல வரிசையாக மேலே வந்தால் 90க்கு மேல். அப்புறம் தளதளப்பு. பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிப் பழகியவர்களுக்கு இந்த அளவுகளை விளக்க வேண்டியதில்லை. இண்டக்‌ஷன் அடுப்பில் மட்டும் இதை நம்பாதீர்கள். அடி சட்டென்று காய்வதால், தண்ணீர் சூடாவதற்கு முன்பே பெரிய குமிழி வந்துவிடும்.

மூன்றாம் படி: பாத்திரமும் அளவும்

பஸ் ஸ்டாண்டு பக்கம் பாய்லர் டீக்கடையில் மாஸ்டரின் கையைக் கவனியுங்கள். “அண்ணே, ஸ்ட்ராங்கா ஒண்ணு, சக்கரை கம்மி” என்றதும் அவர் முதலில் தொடுவது டீத்தூளை இல்லை. கிளாஸைப் பாய்லர் குழாயின் கீழே காட்டி, கொஞ்சம் கொதிநீர் பிடித்து, ஒரு சுழற்று சுழற்றி வாளியில் வீசுவார். அதற்குப் பிறகுதான் துணி வடிகட்டியில் இருக்கிற தூள் மேல் குழாயைத் திறப்பார். கழுவுவதற்காகச் செய்வது போலத் தெரிந்தாலும், கிளாஸ் சூடேறுவது அதில் பாதி லாபம். கனமான பீங்கான் கப்பில் நேராகக் கொதிநீரை ஊற்றினால் கப்பே பத்து டிகிரிக்கு மேல் தின்றுவிடும். பிளாக் டீ போடும்போது கப்பைக் கொதிநீரால் அலசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். கிரீன் டீக்கு அது வேண்டாம். கப் தின்கிற சூடு அங்கே நமக்கு உதவிதான்.

அளவு: 150 மில்லி கப்புக்கு இரண்டு முதல் இரண்டரை கிராம் இலை. பெரிய இலை டீ என்றால் குவித்த ஒரு டீஸ்பூன், உருட்டிய ஊலாங் என்றால் தலைதட்டி ஒரு டீஸ்பூன். டீ சுவைப்பவர்கள் பயன்படுத்துகிற சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 3103 இதைவிடக் கடுமையானது: 100 மில்லிக்கு 2 கிராம், கொதிநீர், 6 நிமிடம், எந்த டீயாக இருந்தாலும். அது ஒரு டீயை இன்னொன்றோடு ஒப்பிட்டுக் குறை நிறையைக் கண்டுபிடிக்கிற முறை. ரசித்துக் குடிக்கிறவர்கள் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

நான்காம் படி: டீ வாரியாக

கடையில் பையில் வருகிற கிரீன் டீக்கு 75 டிகிரி, ஒன்றரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம். பைக்குள் இருப்பது பொடிந்த இலை, சட்டென்று இறங்கிவிடும். நேரம் ஆனதும் பையை வெளியே எடுத்துவிடுங்கள்; பிழியாதீர்கள், பிழிந்தால் மிச்சக் கசப்பும் சேர்ந்து வரும். முழு இலை கிரீன் டீ 80 வரைக்கும் தாங்கும். வாணலியில் வாட்டிய சீன வகைகள் கொஞ்சம் பொறுமைசாலிகள். ஆவியில் வேகவைத்த ஜப்பானிய சென்சாவுக்கு 70 போதும், ஒன்று ஒன்றரை நிமிடம். நிழலில் வளர்க்கிற கியோகுரோ என்ற உயர்ந்த வகைக்கு 50லிருந்து 60தான். நம் பார்வையில் அது ஆறிப்போன தண்ணீர். கிரீன் டீ இலையை நைசாக அரைத்த மாட்சா பொடியைச் சலித்துவிட்டு 75, 80 டிகிரியில் கலக்க வேண்டும்.

வெள்ளை டீ என்பது மெல்லிய ரோமம் படர்ந்த மொட்டும் இளம் இலையும். 80லிருந்து 85, நான்கு நிமிடம். நிறம் வரவில்லையே என்று சூட்டை ஏற்றுகிறவர்கள் உண்டு. அதற்கு நிறம் அவ்வளவுதான்.

ஊலாங்குக்கு 90லிருந்து 95. பச்சை வாகில் இருப்பது என்றால் 85. உருண்டையாகச் சுருட்டிய இலை விரியக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதே இலையில் மூன்று நான்கு தடவை தண்ணீர் ஊற்றலாம். இரண்டாம் மூன்றாம் தடவைக்குச் சூட்டைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். விலையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

டார்ஜிலிங்கில் வசந்தத்தில் பறிக்கிற முதல் கொழுந்து பெயருக்குத்தான் பிளாக் டீ. பிரித்துப் பார்த்தால் இலையில் பச்சை தெரியும். அதைக் கொதிநீரில் போடுவது காசைக் கரைப்பது; 85லிருந்து 90, மூன்று நிமிடம். நீலகிரியின் முழு இலை டீ, குறிப்பாகக் குளிர்காலத்தில் பறித்தது, 90லிருந்து 95 டிகிரியில் நன்றாக மணக்கும். அசாம் முழு இலைக்கு முழுக் கொதி, நான்கு நிமிடம். சீனாவில் புளிக்கவைத்துச் செய்கிற பு-எர் டீக்கும் முழுக் கொதிதான்.

நம்ம பால் டீ

இதில்தான் நான் சண்டைக்கு வருவேன். கிரீன் டீ படித்துவிட்டு வந்த சிலர், “டீத்தூளைக் கொதிக்கவைக்கக் கூடாது, ருசி போய்விடும்” என்று வீட்டுப் பால் டீக்கும் உபதேசம் செய்கிறார்கள். நாம் வாங்குகிற தூள் சி.டி.சி. வகை. நசுக்கி, கிழித்து, சுருட்டி, குருணையாக்கியது; சீக்கிரம், திடமாக இறங்குவதற்கென்றே செய்தது. பாலில் இருக்கிற கேசின் புரதம் டீயின் துவர்ப்புப் பொருட்களைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பால் சேர்ந்த பிறகும் டீ நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றால் டிகாஷன் கெட்டியாக இருக்க வேண்டும். பால் இல்லாமல் குடித்தால் தாங்க முடியாத கெட்டித்தனம்தான் இங்கே சரியான அளவு.

இரண்டு பேருக்கு: ஒரு டம்ளர் தண்ணீரில் தட்டிய இஞ்சியைப் போட்டு இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். தலைதட்டி இரண்டு டீஸ்பூன் தூள், அடுப்பைக் குறைத்து இரண்டு மூன்று நிமிடம். பிறகு ஒரு டம்ளர் பால். பொங்கி ஒரு தடவை எழும்பியதும் இறக்கி வடிகட்டிவிடலாம். இஞ்சியைப் பாலில் போடாமல் தண்ணீரிலேயே கொதிக்கவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கிற ஒரு நொதி உண்டு. கொதியில் அது செயலிழந்துவிடும். டீ திரிந்ததும் பால்காரரைத் திட்டுகிற வீடுகளில் பாதிக் குற்றம் இஞ்சியுடையதாகவும் இருக்கலாம்.

டிகாஷனைப் பத்து நிமிடம் காய்ச்சினால் இன்னும் நன்றாக வரும் என்பதும் தப்பு. மூன்று நிமிடத்துக்கு மேல் வாசனை போகும், துவர்ப்புதான் ஏறும். திடம் வேண்டுமென்றால் நேரத்தைக் கூட்டாமல் தூளைக் கூட்டுங்கள்.

பூ, இலை, வேர்

சங்குப்பூ, செம்பருத்தி, ஆவாரம்பூ, துளசி, எலுமிச்சைப்புல், சுக்கு இவற்றில் எதுவும் டீச்செடி இல்லை. டீ இலையின் அந்தக் கேட்டசின் தொல்லை இங்கே இல்லாததால் கொதிநீரைத் தயங்காமல் ஊற்றலாம். பூவும் இலையும் ஐந்து நிமிடம் மூடிவைத்தால் போதும், சுக்கு மாதிரி கடினமானதை அடுப்பிலேயே கொதிக்கவிட வேண்டும். வொயிட் டவுன் கஃபேக்களில் வருகிற நீல டீ சங்குப்பூதான். எலுமிச்சை பிழிந்ததும் ஊதாவாக மாறுவது அதிலிருக்கிற ஆந்தோசயனின் நிறமியின் வேலை, ரசாயனம் எதுவும் கலக்கவில்லை.

ருசி பார்த்துத் திருத்துவது

கசப்பும் துவர்ப்பும் தூக்கலாக இருந்தால் முதலில் சூட்டை ஐந்து டிகிரி குறையுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் நேரத்தில் அரை நிமிடம். இலையைக் குறைப்பது கடைசி. தண்ணீர்த்தனமாக, மணமே இல்லாமல் இருந்தால் இதே வரிசையில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பழைய இலையை எந்த டிகிரியும் காப்பாற்றாது. நம்ம கடலோரக் காற்றின் ஈரத்தில் திறந்த பாக்கெட் கிரீன் டீ சீக்கிரம் நமத்துவிடும். சின்ன பாக்கெட்டாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள்.

போடுகிற சூடு வேறு, குடிக்கிற சூடு வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 65 டிகிரிக்கு மேல் மிகச் சூடாகக் குடிக்கிற பானங்களை, உணவுக்குழாய்ப் புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில் 2016இல் சேர்த்தது. கொதிக்கக் கொதிக்கத் தொண்டையில் இறக்குவதைப் பெருமையாகச் சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

அக்னி நட்சத்திரத்துக்கு

வெயில் காலத்தில் அடுப்புப் பக்கமே போக வேண்டாம் என்றால் குளிர்ந்த தண்ணீரிலேயே டீ போடலாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் எட்டு முதல் பத்து கிராம் கிரீன் டீயோ நீலகிரி முழு இலையோ போட்டு, மூடி, இரவு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து வடிகட்டினால் கசப்பு மிகக் குறைவாக, இனிப்பாக இருக்கும். மொட்டை மாடி வெயிலில் வைத்து ஊறவைக்கிற பழக்கம் வேண்டாம். வெதுவெதுப்பான அந்தத் தண்ணீரில் மணிக்கணக்கில் கிருமிகள் பெருகும்.

சூடாகப் போட்ட கெட்டியான பிளாக் டீயை ஐஸ் டீக்காக ஃபிரிட்ஜில் வைத்தால் சேறு கலந்தது போலக் கலங்கும். காஃபினும் தியாஃபிளேவினும் குளிரில் ஒட்டிக்கொள்வதால் வருவது அது, கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்கினால் தெளிந்துவிடும்.